காலிப் பணியிடங்களை எண்ணுகிறவர்கள்

அமெரிக்க இலக்கியத்தின் முன்னோடிகளில் மூவர் அந்நாட்டின் கூட்டாட்சி அரசிடம் சம்பளம் வாங்கியவர்கள். நதானியேல் ஹாதார்ன் 1846 முதல் 1849 வரை சேலம் துறைமுகத்தின் சுங்க அலுவலகத்தில் அதிகாரியாக இருந்தார். வாஷிங்டனில் ஆட்சி மாறியதும் அவர் வேலையும் போயிற்று. வால்ட் விட்மன் உள்நாட்டுத் துறையில் எழுத்தராக இருந்தபோது, 1865இல் புதிதாகப் பொறுப்பேற்ற அமைச்சர் அவரை வெளியேற்றினார். 'புல்லின் இதழ்கள்' எழுதியவர் என்பதே காரணம் என்று அன்றே பேசப்பட்டது. ஹெர்மன் மெல்வில் 1866 முதல் 1885 வரை நியூயார்க் துறைமுகத்தில் சுங்க ஆய்வாளராக இருந்தார். நாளொன்றுக்கு நான்கு டாலர் சம்பளம். 'மோபி டிக்' எழுதி முடித்துப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின் அவருக்குச் சோறு போட்டது அந்த வேலைதான்.

இவர்களில் ஹாதார்ன் மட்டுமே தம் அலுவலகத்தை விரிவாக எழுதினார். 1850இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நாவலுக்கு முன்னுரையாக அமைந்த 'சுங்க அலுவலகம்' என்ற நீண்ட கட்டுரையில், நாற்காலியைச் சுவரில் சாய்த்து உறங்கும் முதிய அதிகாரிகளைக் காண்கிறோம். கட்சிச் செல்வாக்கால் பதவிகள் வழங்கப்பட்ட காலத்தில் அந்தச் சித்திரம் நியாயமானதாகவே இருந்திருக்கும். ஆனால் அது தன் காலத்தைக் கடந்து நிலைத்துவிட்டது. அரசு ஊழியர் என்றால் தேவைக்கு அதிகமாக இருப்பவர், வேலையின்றி அமர்ந்திருப்பவர் என்ற எண்ணம் எந்த மொழி வாசகருக்கும் விளக்கம் தேவைப்படாத ஒன்றாகிவிட்டது. நாற்காலி இருந்தும் அதில் ஆளில்லாத அலுவலகத்தைப் பற்றி இலக்கியம் அவ்வளவாகப் பேசியதில்லை. இல்லாத ஒருவரைக் கதாபாத்திரமாக்குவது எளிதன்று என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தக் கட்டுரை அந்த ஆளில்லாத நாற்காலியைப் பற்றியது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சிறைகளில் பணிபுரியும் ஊழியர்களின் தொழிற்சங்கக் கிளைகள் பல ஆண்டுகளாக ஆள்பற்றாக்குறையோடும் நிதிப் பற்றாக்குறையோடும் மல்லாடி வந்திருக்கின்றன. இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்ற கேள்வி எங்களுக்குள்ளும் எழுந்தது. எங்கள் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆள்பற்றாக்குறை தன்னை எளிதில் மறைத்துக்கொள்ளக்கூடியது. அதை மறைப்பதில் நிர்வாகத்துக்கும் நிதி ஒதுக்குபவர்களுக்கும் ஆதாயம் உண்டு. எண்ணிச் சொல்வதில் அக்கறை கொண்ட ஒரே அமைப்பு ஊழியர்களின் உள்ளூர்க் கிளை. அதன் வாயை அடைத்தால், குறை தீர்வதற்கு முன்பே குறையைப் பற்றிய சாட்சியம் அழிந்துபோகிறது. 2025இல் அங்கே நிகழ்ந்தது அதுவே என்பது எங்கள் கருத்து.

முதலில், இத்தகைய கிளை ஒன்றால் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்று பார்ப்போம்.

அமெரிக்க அரசு ஊழியர் சம்மேளனம் 1932இல் உருவானது. அதன் உள்ளூர்க் கிளையை அங்குள்ளவர்கள் 'லோக்கல்' என்றே அழைக்கிறார்கள். ஒவ்வொரு லோக்கலுக்கும் ஓர் எண் உண்டு. சிறைகளில் உள்ள லோக்கல்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பேரவையாக இயங்குகின்றன. ஒரு சிறையின் லோக்கலில் சிறைக் காவலர் மட்டுமல்லாமல் ஆசிரியர், செவிலியர், சமையற்கூடத்தை மேற்பார்வையிடுபவர், குழாய் பழுதுபார்ப்பவர், எழுத்தர் என்று பலரும் இருக்கிறார்கள். சந்தா செலுத்தாதவருக்காகவும் வாதாட வேண்டிய கடமையைச் சட்டம் கிளையின் மீது சுமத்துகிறது. சந்தா கட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்தும் உரிமையோ அதற்கு இல்லை.

தொழிற்சங்கம் என்றதும் நம் நினைவுக்கு வரும் ஆயுதம் வேலைநிறுத்தம். கூட்டாட்சி அரசு ஊழியருக்கு அது குற்றம். வேலை போவதோடு ஓராண்டும் ஒரு நாளும் வரை சிறைத்தண்டனை விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. 1981 ஆகஸ்ட் 3 அன்று விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் சுமார் 13,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். குடியரசுத் தலைவர் ரீகன் 48 மணி நேரக் கெடு விதித்தார். கெடு முடிந்ததும் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்; சில மாதங்களில் அந்தச் சங்கத்தின் அங்கீகாரமும் பறிக்கப்பட்டது. முந்தைய ஆண்டுத் தேர்தலில் ரீகனுக்கு ஆதரவளித்த சங்கம் அது என்பதும் குறிப்பிடத்தக்கது. அந்த நிகழ்வு பதித்த பாடத்தை அமெரிக்க அரசு ஊழியர்கள் இன்றுவரை மறக்கவில்லை.

சம்பளத்தைப் பற்றிப் பேரம் பேசலாமா என்றால், பெரும்பாலான கூட்டாட்சி ஊழியர்களுக்கு அதுவும் இயலாது. சம்பள அட்டவணை சட்டத்தின் வழியே தீர்மானிக்கப்படுகிறது. ஊழியர் எண்ணிக்கையைப் பற்றிப் பேசலாமா? 1978ஆம் ஆண்டின் குடிமைப்பணிச் சீர்திருத்தச் சட்டம் துறையின் நோக்கம், நிதித் திட்டம், அமைப்பு, ஊழியர் எண்ணிக்கை, உள்பாதுகாப்பு முறைகள் ஆகியவற்றை நிர்வாகத்தின் தனியுரிமை என்று வெளிப்படையாகவே அறிவிக்கிறது. ஆக, ஆள் போதவில்லை என்பதே தலையாய பிரச்சினையாக இருக்கும் இடத்தில், அதைத் தவிர மற்றவற்றைப் பேசலாம் என்று சங்கத்திடம் சொல்லப்பட்டிருக்கிறது. ஓவர்டைமுக்கு யாரை எந்த வரிசையில் அழைப்பது, பணி மாற்றத்தை எத்தனை நாளுக்கு முன் அறிவிப்பது, நிர்வாகம் எடுத்த முடிவால் ஊழியருக்கு விளையும் பாதிப்பை எப்படிக் குறைப்பது என்பன போன்றவை மட்டுமே பேச்சுவார்த்தைக்கு வருகின்றன.

இவ்வளவு சுருங்கிய எல்லைக்குள் நிற்கும் அமைப்பின் உண்மையான பயன் என்ன? இதற்கு விடை காண ஆள்பற்றாக்குறை எப்படி மறைகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். சிறையில் அது மூன்று வழிகளில் மறைகிறது.

முதல் வழி கட்டாய ஓவர்டைம். எட்டு மணி நேரப் பணி முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் காவலரிடம், அடுத்த முறைக்கு ஆளில்லை, இன்னும் எட்டு மணி நேரம் இருங்கள் என்று சொல்லப்படுகிறது. பதினாறு மணி நேரத்துக்குப் பின் வீடு திரும்புபவர் சில மணி நேரம் உறங்கி மீண்டும் வர வேண்டும். பணிப்பட்டியலைப் பார்ப்பவருக்கு எல்லா இடங்களிலும் பெயர் இருப்பது தெரியும். அதே பெயர் இரண்டு முறை வந்திருப்பதைக் கவனிப்பவர் குறைவு.

இரண்டாவது வழி, பிற பணியாளர்களைக் காவல் இடங்களில் நிறுத்துவது. கூட்டாட்சிச் சிறைத்துறையில் ஒரு பழைய கோட்பாடு உண்டு: எந்தப் பணியில் சேர்ந்தாலும் ஒவ்வொருவரும் முதலில் சிறைப் பணியாளரே. ஆசிரியரும் செவிலியரும்கூட ஜார்ஜியா மாநிலத்தின் கிளின்கோ நகரில் அடிப்படைக் காவல் பயிற்சி பெறுகிறார்கள். கலவரம் போன்ற நெருக்கடியில் எல்லோரும் கைகொடுக்க வேண்டும் என்ற அளவில் இக்கோட்பாடு நியாயமானது. நெருக்கடிக்கான ஏற்பாடு நாள்தோறும் பயன்படும் வழக்கமாகும்போது அது வேறொன்றாகிறது. வகுப்பறை பூட்டப்படுகிறது, ஆசிரியர் கைதிகளின் கூடத்தில் சாவிக்கொத்தோடு நிற்கிறார். காவல் இடம் நிரம்பிவிட்டது என்று பதிவாகிறது. ஆசிரியர் இடம் காலி என்று எங்கும் பதிவாவதில்லை, ஏனெனில் சம்பளப் பட்டியலில் ஆசிரியர் இருக்கிறார்.

மூன்றாவது வழி எளிமையானது. பணியிடத்தையே நீக்கிவிடுவது. 2017இன் தொடக்கத்தில் அரசு முழுவதும் புதிய நியமனங்களுக்குத் தடை வந்தது. ஆள் நியமிக்கப்படாமல் கிடந்த ஆயிரக்கணக்கான சிறைப் பணியிடங்களை அடுத்த ஆண்டில் பட்டியலிலிருந்து நீக்க நடவடிக்கை எடுக்கப்பட்டது. நூறு நாற்காலிகளில் இருபது காலி என்றால் பற்றாக்குறை இருபது விழுக்காடு. காலியான இருபதையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டால் பற்றாக்குறையே இல்லை. கணக்கில் பிழையில்லை; அறையில் இருப்பவர்கள் அதே எண்பது பேர்தான்.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2021 பிப்ரவரியில் இச்சிறைத்துறையைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஊழியர் அளவைக் கணக்கிட நம்பகமான முறை துறையிடம் இல்லை என்பதையும், ஓவர்டைமையும் பிற பணியாளர்களையும் சார்ந்திருப்பதால் வரும் ஆபத்துகளைத் துறை மதிப்பிடவில்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது. 2023இல் கூட்டாட்சிச் சிறை நிர்வாகத்தை உயர் ஆபத்துப் பட்டியலிலும் சேர்த்தது. சிறைக் கிளைகள் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வந்ததையே தணிக்கையாளரும் இறுதியில் எழுதினார் எனலாம்.

இதன் விளைவுகள் ஊழியரோடு நிற்பவையல்ல. 2018 டிசம்பரில் 'ஃபர்ஸ்ட் ஸ்டெப்' சட்டம் நிறைவேறியது. வகுப்புகளிலும் பயிற்சிகளிலும் பங்கேற்கும் தகுதியுள்ள கைதிகள், முப்பது நாள் பங்கேற்புக்குப் பத்து அல்லது பதினைந்து நாள் என்ற கணக்கில் சலுகை நாட்களை ஈட்டிச் சிறையிலிருந்து முன்னதாக வெளியேற இச்சட்டம் வழிசெய்தது. இரு கட்சியினரும் ஆதரித்த அரிய சட்டம். ஆனால் வகுப்பை நடத்த வேண்டிய ஆசிரியர் காவலுக்குப் போய்விட்டால் வகுப்பு இல்லை. செவிலியர் காவலுக்குப் போனால் மருத்துவ முறைக்குப் பெயர் கொடுத்தவர் காத்திருக்கிறார். காவலுக்கு யாருமே கிடைக்காத நாளில் கைதிகள் அறைகளிலேயே பூட்டி வைக்கப்படுகிறார்கள். ஒரு சட்டம் வழங்கிய நாட்களைப் பணிப்பட்டியல் ஓசையின்றித் திரும்பப் பெற்றுக்கொள்கிறது.

2024 பிப்ரவரியில் நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் வெளியிட்ட அறிக்கை 2014 முதல் 2021 வரையிலான நிதியாண்டுகளில் நிகழ்ந்த 344 கைதிகளின் மரணங்களை ஆராய்ந்தது. தற்கொலை, கொலை, விபத்து, காரணம் தெரியாதவை என வகைப்படுத்தப்பட்ட அவற்றுள் 187 தற்கொலைகள். அப்படி இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தனியறையில் இருந்தவர்கள். குறிப்பிட்ட இடைவெளியில் ஒருவர் வந்து அறைக்குள் பார்க்க வேண்டும் என்ற விதி அவர்களுக்காகவே இருந்தது. வந்து பார்ப்பதற்கு ஆள் வேண்டும்.

ஊழியரின் உயிரும் இதில் அடங்கும். 2013 பிப்ரவரி 25 அன்று பென்சில்வேனியாவின் கனான் சிறையில் எரிக் வில்லியம்ஸ் என்ற காவலர் ஒரு கைதியால் கொல்லப்பட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட கைதிகள் இருந்த கூடத்தில் அவர் தனியாகப் பணியில் இருந்தார். அவர் பெயரைத் தாங்கிய சட்டம் 2016 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. காவலர்கள் மிளகுத் தெளிப்பானை உடன் வைத்திருக்க அது வழிவகுத்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அங்கே இரண்டாவது ஆள் ஒருவர் இருந்திருக்க வேண்டாமா என்ற கேள்விக்கு அது விடையாகாது. தெளிப்பான் விலை குறைவு. இரண்டாவது ஆளுக்கு ஆண்டுதோறும் சம்பளம் கொடுக்க வேண்டும்.

2019 ஆகஸ்ட் 10 அன்று மன்ஹாட்டனில் ஒரு கூட்டாட்சிச் சிறையில் ஜெஃப்ரி எப்ஸ்டீன் இறந்து கிடந்த செய்தியை உலகமே படித்தது. அன்றிரவு அப்பகுதியில் இருந்த இரண்டு ஊழியர்கள் சுற்றிவந்து பார்க்கவில்லை, பார்த்ததாகப் பொய்யாகப் பதிவு செய்தார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டது. பின்னர் வழக்கு கைவிடப்பட்டது. இருவரில் ஒருவர் வழக்கமான காவலர் அல்லர். பொருட்களைக் கையாளும் பிரிவைச் சேர்ந்தவர், ஓவர்டைமில் அங்கே இருந்தவர். அந்த இருவரும் கடமை தவறினார்கள் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. தலைமை ஆய்வாளரின் 2023 அறிக்கை அவர்களைத் தாண்டி, அச்சிறையின் நீண்டகால ஆள்பற்றாக்குறையையும் நிர்வாகத் தவறுகளையும் அடுக்கியது. பொய்ப் பதிவுக்குக் குற்றவாளிக் கூண்டு உண்டு. அத்தகைய பணிப்பட்டியலைத் தயாரிப்பதற்கு அப்படி ஒரு கூண்டு கிடையாது.

இனி பணத்தைப் பற்றி. சிறைத்துறைக்கு நிதி இரண்டு கணக்குகளில் வருகிறது: ஒன்று சம்பளமும் செலவுகளும், மற்றொன்று கட்டடங்கள். கைதிகளின் உணவும் மருத்துவமும் ஊழியர் சம்பளமும் முதல் கணக்கில்தான். உணவு, மருந்து விலை ஏறும்போது அவற்றைத் தள்ளிப்போட முடியாது. தள்ளிப்போடக்கூடியது புதிய நியமனம் ஒன்றே. நாடாளுமன்றம் அக்டோபர் முதல் நாளுக்குள் நிதிச் சட்டத்தை நிறைவேற்றாமல், சென்ற ஆண்டின் அளவிலேயே தற்காலிகமாக ஒதுக்கும் பழக்கம் வேறு. கட்டடக் கணக்கின் நிலை இன்னும் மோசம். எல்லாச் சிறைகளிலும் பழுதுபார்க்கும் வேலை நிலுவையில் இருக்கிறது என்றும் அதன் மதிப்பு ஏறத்தாழ 200 கோடி டாலர் என்றும் 2023 மே மாதத்தில் தலைமை ஆய்வாளர் எழுதினார். பழுதான பூட்டுக்கும் ஒழுகும் கூரைக்கும் ஈடுசெய்ய அங்கே கூடுதலாக ஆள் நிறுத்த வேண்டியிருக்கும். ஒரு பற்றாக்குறை மற்றொன்றைப் பெருக்குகிறது.

நிதிச் சட்டம் முற்றிலும் தடைபடும்போது அரசு முடங்குகிறது. 2018 டிசம்பர் 22 முதல் 35 நாட்கள் முடங்கியது. 2025 அக்டோபர் 1 முதல் 43 நாட்கள். இத்தகைய நாட்களில் பல அலுவலகங்கள் மூடப்படும். சிறையை மூட முடியாது என்பதால் அதன் ஊழியர் சம்பளமின்றி வேலைக்கு வந்தாக வேண்டும். சம்பளம் பின்னால் வந்து சேரும். வேலைநிறுத்தம் செய்யத் தடை, சம்பளமின்றி வேலை செய்யக் கட்டாயம். இவ்விரண்டும் ஒரே மனிதரின் மேல் ஒரே நாளில் விழுவதைச் சட்டம் அனுமதிக்கிறது.

இத்தனைக்கும் நடுவே லோக்கல் செய்வது ஆரவாரமற்ற வேலை. கிளைப் பிரதிநிதி, தாமும் அங்கே ஒரு காவலராகவோ ஆசிரியராகவோ இருப்பவர், முறையீடு எழுதுகிறார். இன்ன நாள், இன்ன முறை, இன்ன கூடத்தில் ஆள் நிறுத்தப்படவில்லை. இன்னார் தொடர்ந்து பதினாறு மணி நேரம் பணியில் இருந்தார். இத்தனை நாள் வகுப்பு நடைபெறவில்லை. முறையீடு ஏற்கப்படாவிட்டால் நடுவரிடம் போகிறது. நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கே வர மறுத்தால் ஃபெடரல் தொழில் உறவு ஆணையத்திடம் போகிறது. ஒரு பிரதி அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு, ஒரு செய்தி உள்ளூர்ப் பத்திரிகைக்கு. அந்த வரிகளில் உவமையோ உணர்ச்சியோ இராது. நாளும் நேரமும் இடமும் மட்டுமே இருக்கும். நாளை ஒரு மரணம் நிகழ்ந்து விசாரணை நடந்தால், முன்பே சொல்லியிருந்தார்கள் என்பதற்கு எஞ்சுவது அந்தத் தாள்தான்.

வரலாற்றில் ஒரு செய்தி இங்கே பொருந்துகிறது. கூட்டாட்சி ஊழியர்கள் சட்டத்தின் வழியே முதலில் பெற்ற பெரிய உரிமை சம்பளத்தைப் பற்றியதன்று, பேசுவதைப் பற்றியது. 1902இல் தியோடர் ரூஸ்வெல்ட்டும் 1909இல் டாஃப்டும் பிறப்பித்த ஆணைகள், ஊழியர்கள் மேலதிகாரியைத் தாண்டி நாடாளுமன்றத்திடம் முறையிடுவதைத் தடுத்தன. அஞ்சல் ஊழியர்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள். 1912ஆம் ஆண்டின் லாயிட்-லா ஃபாலெட் சட்டம் அத்தடையை நீக்கியது. அரசு ஊழியர் சங்கங்களோடு கூட்டுப் பேரம் நடத்தும் முறை கென்னடியின் ஆணையால் 1962இல்தான் வந்தது. உள்ளே இருப்பவர் வெளியே சொல்லலாம் என்ற உரிமை அதற்கு ஐம்பது ஆண்டு மூத்தது. மற்ற எல்லாம் அதன் மேல் எழுந்தவை.

எங்கள் நிலைப்பாட்டுக்கு எதிரான வாதங்களை நாங்கள் ஒதுக்கிவிடவில்லை. சிறையை நினைக்கும்போது இலக்கிய மனம் இயல்பாகக் கைதியின் பக்கம் சாய்கிறது. காவலர் சங்கத்துக்காகப் பரிந்து பேசுவது எப்படி என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது. கலிஃபோர்னியாவின் டப்ளின் பெண்கள் சிறையில் ஊழியர் பலர் கைதிகளைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார்கள். அச்சிறையின் கண்காணிப்பாளரே 2022 டிசம்பரில் குற்றவாளி எனத் தீர்ப்பானார். 2024இல் சிறை மூடப்பட்டது. 103 பெண்களுக்கு ஏறத்தாழ 11.6 கோடி டாலர் இழப்பீடு தர அரசு ஒப்புக்கொண்டது. தவறு செய்த உறுப்பினருக்காகவும் வாதாடும் கடமை சங்கத்துக்கு உண்டு என்பதால், அது குற்றவாளிக்கு அரணாகிவிடக்கூடும் என்ற அச்சமும் பொய்யன்று.

ஆனால் ஆளில்லாத சிறையில் கைதி பாதுகாப்பாக இருப்பதில்லை என்பதையே மேலே கண்ட மரணங்கள் காட்டுகின்றன. வன்முறை செய்பவருக்கு வசதியான இடம், மற்றொரு ஊழியர் கண்ணில் படாத இடம்தான். கைதிக்கும் காவலருக்கும் எத்தனையோ பகை இருக்கலாம். இரவில் கூடத்தில் போதிய ஆட்கள் இருக்க வேண்டும் என்பதில் அவர்கள் நலன் ஒன்று. கைதியின் குரல் தணிக்கையையும் மதிலையும் தாண்டி வருவது அரிது. ஊழியரின் முறையீட்டின் வழியேதான் உள்நிலைமை பெரும்பாலும் வெளியே தெரிந்திருக்கிறது.

வேறொரு வாதம், காவலரைக் கூட்டுவதைவிடக் கைதிகளைக் குறைப்பதே முறை என்பது. கொள்கையளவில் நாங்களும் அந்தப் பக்கம்தான். 2013இல் சுமார் 2,19,000 ஆக இருந்த கூட்டாட்சிக் கைதிகளின் எண்ணிக்கை 2025இல் சுமார் 1,55,000 ஆகக் குறைந்திருந்தது. பற்றாக்குறை தீரவில்லை, ஊழியர்களும் கூடவே போய்க்கொண்டிருந்தார்கள். மேலும், கைதிகளைக் குறைக்க வந்த சட்டமே ஆசிரியரை நம்பியிருக்கிறது என்பதை முன்னரே பார்த்தோம்.

2025க்கு வருவோம். அந்த ஆண்டின் வசந்த காலத்தில், ஆட்களைத் தக்கவைக்கப் பல சிறைகளில் வழங்கப்பட்டுவந்த கூடுதல் ஊக்கத்தொகை குறைக்கப்பட்டது அல்லது நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் குடியேற்ற அமலாக்கத் துறை புதிதாகச் சேர்பவர்களுக்கு 50,000 டாலர் வரை தருவதாக அறிவித்தது. சிறை ஊழியர் பலர் அங்கே சென்றார்கள். ஜூலை மாதம் நிறைவேறிய பெருஞ்சட்டம் சிறைத்துறைக்கு 500 கோடி டாலர் ஒதுக்கியது. நியமனத்துக்கும் பழுதுபார்ப்புக்குமான இந்த நிதியை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் இதற்கிடையில் மார்ச் 27 அன்று குடியரசுத் தலைவர் டிரம்ப், தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பல துறைகளின் ஊழியர்களைக் கூட்டுப் பேரச் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கும் ஆணையைப் பிறப்பித்திருந்தார். செப்டம்பர் 25 அன்று சிறைத்துறை, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியருக்கான சங்க ஒப்பந்தத்தை ரத்து செய்தது. முன்னேற்றத்துக்குச் சங்கம் தடையாக இருந்தது என்பது துறை இயக்குநர் கூறிய காரணங்களுள் ஒன்று.

ஒப்பந்தம் போனதும் முறையீடு, நடுவர், ஆணையம் என்ற வழி முழுவதும் அடைபடுகிறது. ஊழியர் தனித்தனியே பேசலாம். 1912இன் சட்டம் ஏட்டில் இருக்கிறது. ஆனால் தனியாகப் பேசுபவர் தம் பெயரில் பேச வேண்டும், மறுநாள் அதே மேலதிகாரியின் கீழ் வேலைக்குப் போக வேண்டும். அமைப்பின் பெயரால் எழுதப்படும் தாளுக்கும் தனிமனிதர் எழுதும் தாளுக்கும் உள்ள வேறுபாட்டை எந்த அலுவலகத்திலும் பணிபுரிந்தவர் அறிவார். அந்த ஆணையை நீக்கும் மசோதா 2025 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் இரு கட்சி உறுப்பினர்களின் வாக்கோடு நிறைவேறியது எங்களுக்கு ஆறுதல் அளித்தது. இது ஒரு கட்சியின் விவகாரம் அன்று என்பதை அது காட்டியது.

500 கோடி டாலரால் எத்தனை பேர் நியமிக்கப்பட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் ஓராண்டு தங்கினார்கள், எந்தக் கூடத்தில் இரவில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதை இனி யார் எண்ணுவார்கள்? செலவிட்டவரே எண்ணிச் சொல்வதாக ஏற்பாடு. தணிக்கையாளர் ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறார். தலைமை ஆய்வாளர் பெரும்பாலும் மரணத்துக்குப் பின் வருகிறார். அன்றாடம் அங்கே இருந்து அன்றாடம் எண்ணியது லோக்கல்தான்.

எங்கள் வேண்டுகோள் எளியது. சங்க ஒப்பந்தம் மீட்கப்பட வேண்டும். ஒவ்வொரு சிறையிலும் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியவை எத்தனை, ஓவர்டைமாலும் பிற பணியாளர்களாலும் நிரப்பப்பட்டவை எத்தனை என்ற கணக்கு மாதந்தோறும் வெளியாக வேண்டும். ஒரு பணியிடம் நீக்கப்பட்டால் அதுவும் அந்தக் கணக்கில் எழுதப்பட வேண்டும். அந்தக் கணக்கைச் சரிபார்த்து மறுப்புரை எழுதும் உரிமை அங்கே வேலை செய்பவர்களின் அமைப்புக்கு இருக்க வேண்டும். இவற்றுக்குப் பெரும் செலவு ஆகாது. ஆளில்லாத இடத்தை ஆளில்லாத இடம் என்றே எழுத ஒப்புக்கொள்ளும் நேர்மைதான் வேண்டும்.